மாடிப்படிக்குப் பாட்டில் சுவர்: கலவைக் கணக்கைப் பாருங்கள்

பெங்களூரு லிங்கராஜபுரத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "மாடிப்படி அறையின் மேற்குச் சுவரை, 6 அடிக்கு 7 அடி, செங்கல்லுக்குப் பதில் பழைய கண்ணாடி பாட்டில்களால் கட்ட நினைக்கிறேன். 200 பாட்டில் சேர்த்துவிட்டேன். மேஸ்திரி, நிற்காது என்கிறார். கட்டலாமா?"

கட்டலாம். ஆனால் அந்தச் சுவர் முழுக்க வேண்டாம்.

நிற்குமா என்பதில் உங்கள் மேஸ்திரி பாதி சரி. பாட்டில் சுவர் மேலே இருக்கும் எடையைத் தாங்கக் கூடாது. இரண்டு பக்கமும் பில்லர், மேலே லிண்டல் இருந்தால் இடையில் தாராளமாக நிற்கும்.

எனக்கு உறுத்துவது கலவைதான். பாட்டில் உருண்டை. இரண்டு பாட்டில் ஒன்றையொன்று தொடாமல் ஓர் அங்குல இடைவெளி விட்டால், சுவரின் முகத்தில் பாதிக்கு மேல் கலவையாகிவிடும். செங்கல் சுவரில் அது கால் பங்கை ஒட்டித்தான் இருக்கும். 1963இல் ஹைனெக்கன் என்ற நெதர்லாந்து பியர் கம்பெனி, செங்கல் போல அடுக்கவென்றே சதுர பாட்டில் செய்து பார்த்ததும் உண்டு. உங்கள் 42 சதுர அடியை 8 அங்குல கனத்தில், சிமெண்ட் ஒன்றுக்கு மணல் நான்கு என்ற கலவையில் கட்டினால் மூன்று மூட்டைக்கு மேல் சிமெண்ட் போகும். குப்பையைக் குறைக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு சிமெண்டைக் கொட்டுவோம்.

பாட்டிலும் போதாது. இரண்டு பாட்டிலின் அடிப்பாகத்தை நான்கு அங்குலத்துக்கு வெட்டி, வெட்டிய முனைகளை ஒன்றோடொன்று சேர்த்து டேப் ஒட்டினால் ஒரு 'கல்'. சதுர அடிக்கு ஒன்பது கல் பிடிக்கும். முழுச் சுவருக்கு 756 பாட்டில் தேவை. உங்களிடம் இருப்பது நடுவில் 3 அடிக்கு 3 அடி வைக்கச் சரியாக வரும். உடைவதற்கும் 38 மிஞ்சும். சுற்றிலும் மண் கல் வைத்துக் கட்டுங்கள். செம்மண்ணோடு கொஞ்சம் சிமெண்ட் சேர்த்து அழுத்திச் செய்யும் அந்தக் கல்லுக்கு உங்கள் ஊரிலேயே இந்திய அறிவியல் கழகத்தில் (ஐஐஎஸ்சி) பல ஆண்டு ஆராய்ச்சி நடந்திருக்கிறது.

அப்புறம், சேர்த்ததில் பியர் பாட்டில் இருந்தால் பழைய பேப்பர் கடைக்கே திருப்பிக் கொடுங்கள். அது பெரும்பாலும் கழுவப்பட்டு மறுபடி நிரம்பப் போகிறது. வைன், வெளிநாட்டு விஸ்கி பாட்டில்தான் போக்கிடம் இல்லாதது.

வேலையில் கவனிக்க வேண்டியது: டைல்ஸ் வெட்டும் மெஷினில் தண்ணீர் விட்டுக்கொண்டே வெட்டச் சொல்லுங்கள், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் மாஸ்க்கும் கட்டாயம். உள்ளே ஈரம் துளிகூட இல்லாமல் இரண்டு நாள் வெயிலில் காய்ந்த பிறகே டேப் ஒட்ட வேண்டும். இல்லாவிட்டால் உள்ளுக்குள் வேர்த்து, பாசி பிடித்து, வெளியே எடுக்கவே முடியாது.

கண்ணாடி தண்ணீரை உறிஞ்சாது. செங்கல்லுக்குப் போடுகிற தளர்ந்த கலவை இங்கே வழுக்கி இறங்கிவிடும். சிமெண்ட் 1, சுண்ணாம்பு 1, மணல் 6 என்று கெட்டியாகக் குழைக்கச் சொல்லுங்கள். ஒரு நாளைக்கு மூன்று வரிசை போதும். மேஸ்திரி முனகுவார், விடாதீர்கள். கலவை இறுகும் முன்பே பாட்டில் முகத்தை ஈரப் பஞ்சால் துடைத்துவிட வேண்டும். மறுநாள் சுரண்டினால் கீறல்தான் மிஞ்சும்.

முதலில் பத்துக் கல்லை மரச்சட்டத்துக்குள் அடுக்கி, சாயங்காலம் நான்கு மணிக்கு அந்த மேற்கு வெளிச்சத்தில் நிறுத்திப் பாருங்கள். எந்த நிறம் எங்கே என்பதை அப்போது முடிவு செய்துகொள்ளலாம்.