நீலப் புகை வந்தவுடன் றீபோர் செய்ய வேண்டுமா?

கேள்வி: வாகரையில் கச்சான் (நிலக்கடலை), மிளகாய்த் தோட்டத்துக்கு நீர் இறைக்கும் இரண்டு அங்குலப் பெற்றோல் பம்ப் ஒன்று வைத்திருக்கிறேன். வாங்கி ஆறு வருடமாகிறது. சில வாரங்களாக நீல நிறப் புகை வருகிறது. அரை மணி நேரம் ஓடிச் சூடானதும் இழுவை குறைகிறது. நிறுத்தினால் திரும்ப ஸ்டார்ட் ஆக மறுக்கிறது. கராஜில் கயிற்றை இழுத்துப் பார்த்துவிட்டு, கொம்பிரஷன் (சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம்) போய்விட்டது, றீபோர் செய்து, அதாவது சிலிண்டரின் உட்சுவரைக் கடைந்து பெரிதாக்கி, பிஸ்டனும் கிராங்கும் (பிஸ்டனின் அசைவைச் சுழற்சியாக்கும் தண்டு) மாற்ற வேண்டும் என்கிறார்கள். கேட்கும் தொகை புதுப் பம்பின் விலையில் பாதிக்கு மேல். செய்யலாமா?

பதில்: இப்போதைக்குச் செய்யாதீர்கள். நீங்கள் எழுதியிருப்பது ஒரு நோயல்ல, இரண்டு. நீலப் புகை என்றால் எங்கோ ஒயில் எரிகிறது. சூடானபின் இழுவை விழுவதும் திரும்ப ஸ்டார்ட் ஆக மறுப்பதும் பெரும்பாலும் வால்வு இடைவெளி, அதாவது வால்வின் நுனிக்கும் அதை அழுத்தும் கைக்கும் இடையிலுள்ள வெளி, இறுகிப்போனதால் வருபவை. வால்வு அமரும் இடம் தேயத் தேய அந்த இடைவெளி குறைந்துகொண்டே வந்து, ஒரு கட்டத்தில் சூட்டில் நீளும் வால்வு முழுதாக மூட முடியாமல் போய்விடுகிறது. ஹொண்டா ஜீஎக்ஸ் 160 இஞ்சினிலும் அதைப் பார்த்துச் செய்யப்பட்ட சீன இஞ்சின்கள் பலவற்றிலும், குளிர்ந்த நிலையில் உள்வால்வுக்கு 0.15 மில்லிமீற்றரும் புகைவால்வுக்கு 0.20 மில்லிமீற்றரும் இருக்க வேண்டும். மூடியின் நான்கு போல்ட்டுகளைக் கழற்றி, பீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டுப் பார்த்துச் சரிசெய்ய அரை மணி நேரம் போதும். இதைச் செய்யாமல் கிராங்கைப் பற்றிப் பேசுபவரிடம் இஞ்சினை விட்டுவிட்டு வராதீர்கள்.

கயிற்றை இழுத்துக் கொம்பிரஷனைச் சொல்வதும் நம்பத்தக்கதல்ல. ஸ்டார்ட் செய்வது இலகுவாக இருக்கவேண்டும் என்பதற்காக, மெதுவாகச் சுற்றும்போது புகைவால்வைச் சற்றே தூக்கிவைக்கும் சிறு பொறி ஒன்று இந்த இஞ்சின்களின் வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டிலேயே இருக்கிறது. ஆகவே நல்ல இஞ்சினும் கைக்கு இலகுவாகத்தான் வரும்.

இனிப் புகை. முதலில் ஒயில் அளவைப் பாருங்கள். இதற்குத் தேவை ஏறத்தாழ 0.6 லீற்றர் மட்டுமே. பம்பைச் சமதரையில் வைத்து, அளவுக் குச்சியைத் திருகாமல் வெறுமனே உள்ளே விட்டுப் பார்க்க வேண்டும். திருகிப் பார்த்தால் குச்சி ஆழமாகப் போய், இருப்பதைவிட அதிகமாகக் காட்டும். அளவுக்கு மிகையான ஒயிலும் எரிந்து நீலமாகத்தான் வரும். அளவு சரியாக இருந்தும், நீர் இறைக்கும் நேரம் முழுவதும் புகை தொடர்ந்தால் மட்டும் உள்ளே திறக்க வேண்டும்.

திறக்கும் நாளில் நீங்கள் பக்கத்தில் இருங்கள். ஹெட்டை (சிலிண்டரின் மேல்மூடி) எடுத்ததும் சிலிண்டரின் உட்சுவரில், கீழிருந்து மேல் விளிம்பை நோக்கி விரல் நகத்தை இழுத்துப் பாருங்கள். பிஸ்டனைச் சுற்றியுள்ள றிங் (வளையம்) எட்டாத மேற்பகுதி தேயாமல் நிற்கும். அது தொடங்கும் இடத்தில் நகம் ஒரு படியில் தட்டினால் தேய்மானம் உண்டு. பிறகு மேல் றிங்கைக் கழற்றித் தனியாகச் சிலிண்டருக்குள் வைத்து, பிஸ்டனின் தலையால் நேராகத் தள்ளி, அதன் இரு முனைகளுக்கும் இடையிலுள்ள வெளியை அளக்கச் சொல்லுங்கள். புதிதில் அது 0.2 முதல் 0.4 மில்லிமீற்றர் வரை இருக்கும். 1 மில்லிமீற்றரைத் தாண்டினால் றிங் முடிந்தது. ஜீஎக்ஸ் 160 சிலிண்டரின் உள்விட்டம் 68 மில்லிமீற்றரில் தொடங்கி 68.165 வரை தேயலாம். அந்த வித்தியாசம் ஏறத்தாழ இரண்டு கொப்பித் தாளின் தடிப்புத்தான், கண்ணால் பார்த்துச் சொல்ல எவராலும் முடியாது. சுவரில் கீறல் இல்லாமல் அளவும் எல்லைக்குள் இருந்தால் புது றிங்கும் இலேசான ஹோனிங்கும் (சுவரைக் கல்லால் உரசுதல்) போதும். சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் கராஜ்கள் பலவற்றில் உள்விட்டம் அளக்கும் போர் கேஜ் ஒன்று இல்லை. பம்ப்களை வரிசையில் நிறுத்திப் படம் எடுத்துக் கொடுக்கும் உதவித் திட்டங்கள் பலவும் தமிழில் ஒரு கையேட்டையாவது கூடக் கொடுப்பதில்லை.

அளந்தபின் றீபோர்தான் என்று ஆனால், முதலில் பிஸ்டனை வாங்குங்கள். அதன்பின் அந்தப் பிஸ்டனை அளந்து அதற்கேற்ப லேத்தில் வெட்டட்டும். இங்கே நடப்பது தலைகீழ். 0.25 மில்லிமீற்றர் பெரிதாக வெட்டிவிட்டு, அந்த அளவில் பிஸ்டன் இல்லை என்று மறுபடி 0.50க்கு வெட்டுகிறார்கள், இரண்டு கூலியையும் நீங்கள் கொடுக்கிறீர்கள். கராஜ், சாமான் கடை, லேத் மூன்றுக்கும் இடையே பல இடங்களில் கொமிஷன் ஓடுகிறது என்பதை மறைப்பதில் பயனில்லை. கடைக்கு நீங்களே போய், அளவு எழுதிய பில்லோடு வாங்குங்கள். கழற்றிய பழைய சாமான்களையும் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோங்கள்.

கிராங்குக்கும் புகைக்கும் சம்பந்தமில்லை. பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் றொட் ஆடினாலோ, அது பூட்டப்படும் கிராங்கின் முள்ளில் அலுமினியம் ஒட்டிக் கீறியிருந்தாலோ தவிர அதை மாற்ற வேண்டாம்.

ஒரு விதிவிலக்கை அழுத்திச் சொல்ல வேண்டும். தோளில் மாட்டும் புல்வெட்டி, மருந்து விசிறும் இயந்திரம் ஆகிய டூ ஸ்ட்ரோக் இஞ்சின்கள் பலவற்றில் இரும்புச் சிலீவ் (சிலிண்டரின் உள்ளுறை) கிடையாது. அலுமினியச் சிலிண்டரின் உட்புறத்தில் மிக மெல்லிய கடினப் பூச்சு மட்டுமே உண்டு. அதை லேத்தில் கொடுத்தால் பூச்சு போய்விடும், மிஞ்சும் மென்மையான அலுமினியத்தில் பிஸ்டன் சில மணி நேரத்திலேயே இறுகிவிடும். அவற்றுக்குச் சிலிண்டரும் பிஸ்டனும் சோடியாக மாற்றத்தான் வேண்டும். உங்கள் பம்புக்கு றீபோர் செய்பவர் நாளை புல்வெட்டியையும் கேட்பார், கொடுக்காதீர்கள்.

கடந்த சிறுபோகத்தில், றீபோர் செய்து ஒரு மாதமே ஆன பம்ப் ஒன்று புகையோடு என்னிடம் வந்தது. கழற்றி வெள்ளைத் துணியால் சுவரைத் துடைத்தேன், துணி சாம்பல் நிறமாக வந்தது. ஹோனிங் கல்லின் தூளைப் பெற்றோலால் கழுவியிருக்கிறார்கள். பெற்றோல் எண்ணெயைக் கரைக்குமே தவிரத் தூளை எடுக்காது. சுடுநீரும் சவர்க்காரமும் போட்டு, துணி வெள்ளையாகவே வரும்வரை தேய்த்துக் கழுவி, ஈரம் போனதும் துருப் பிடிக்குமுன் ஒயில் பூச வேண்டும்.

உங்கள் சிலிண்டர் தேய்ந்திருந்தால் காரணம் அநேகமாக மணல். வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களில் அந்த மணல் தரையில், எயார் பில்டரின் பஞ்சு கிழிந்த நிலையில் ஓட்டினால் எந்த றிங்கும் நிலைக்காது. பஞ்சை மாற்றிய பின்பே புது றிங்கைப் போடுங்கள். பூட்டிய பிறகு முதல் 20 மணி நேர ஓட்டத்தில் ஒயிலை முழுதாக வடித்து மாற்றிவிடுங்கள்.