சாஃப்ட்வேர் வாங்கறதுக்கு முன்னாடி உங்க எக்ஸெல் ஃபைலை ஒழுங்கு பண்ணுங்க

கேள்வி: எங்க ஆஃபீஸ்ல அஞ்சு பேர், நாலு கம்ப்யூட்டர். பில், ஸ்டாக், வரவேண்டிய பாக்கி எல்லாம் தனித்தனி எக்ஸெல் ஃபைல்ல போகுது. மாசக் கடைசியில மூணும் ஒத்துப்போகவே மாட்டேங்குது, எது லேட்டஸ்ட் ஃபைல்னு தேடறதுலயே பாதி நாள் போயிடுது. நல்ல சாஃப்ட்வேர் ஏதாவது சொல்லுங்க. இல்ல கம்ப்யூட்டரையே மாத்தணுமா?

பதில்: ரெண்டும் இப்போதைக்கு வேண்டாம்ங்க. முதல்ல ஒண்ணு பண்ணுங்க, நேத்து போட்ட ஒரு பில்லை எடுத்து வச்சுக்கிட்டு அந்த கஸ்டமர் பேரு உங்க ஆஃபீஸ்ல எத்தனை இடத்துல டைப் ஆகியிருக்குன்னு எண்ணுங்க. பில்லுல ஒரு தடவை, பாக்கி ஃபைல்ல ஒரு தடவை, டெலிவரி லிஸ்ட்ல ஒரு தடவை, அதுவும் ஒருத்தர் இனிஷியலை முன்னாடி போட்டிருப்பார், இன்னொருத்தர் பின்னாடி, மூணாவது ஆள் போடவே மாட்டார். நம்ம கண்ணுக்கு அது ஒரே ஆள்தான், கம்ப்யூட்டருக்கு மூணு பேர். பேருக்கு அப்புறம் தெரியாம ஒரு ஸ்பேஸ் விழுந்தாலே அது தனிக் கணக்கு. டோட்டல் ஒத்துப்போகாததுக்கு பெரும்பாலும் இதுதான் காரணம், இந்த நிலையில எந்த சாஃப்ட்வேர் வாங்கினாலும் இதே குளறுபடி அப்படியே அதுக்குள்ள போய் உக்காந்துக்கும்.

அதனால நான் சொல்றது ஒண்ணே ஒண்ணுதான், ஒரு தகவலை ஒரே ஒரு இடத்துல ஒரே ஒரு தடவைதான் டைப் அடிக்கணும், மத்த இடமெல்லாம் அங்க இருந்து எடுத்துக்கணும். கஸ்டமர் லிஸ்ட் ஒரு ஷீட், ஒவ்வொருத்தருக்கும் ஒரு கோட் நம்பர். பொருள் லிஸ்ட் ஒரு ஷீட், அதுக்கும் கோட். மூணாவது ஷீட்ல பில் விவரம், ஒரு பில்லுல நாலு பொருள் இருந்தா நாலு வரி, நாலு வரியிலயும் அதே பில் நம்பர். வந்த பணத்துக்கு நாலாவதா ஒரு ஷீட். பாக்கின்னு தனியா யாரும் டைப் அடிக்கவே கூடாது, பில் தொகையில இருந்து, வந்த பணத்தைக் கழிச்சா வர்றதுதான் பாக்கி, அதை ஃபார்முலா போடட்டும். ஸ்டாக்கும் அப்படித்தான், உள்ள வந்தது, வெளிய போனது ரெண்டையும் எழுதினா மீதி தானா வரும்.

இப்ப அந்த பில் ஷீட்டைக் கொஞ்சம் கிட்ட போய் பார்ப்போம், ஏன்னா முக்கால்வாசி பிரச்சனை இங்கதான். பாக்க அழகா இருக்கட்டும்னு செல்லை மெர்ஜ் பண்ணியிருப்பீங்க, நடுவுல ஒரு வரி காலியா விட்டிருப்பீங்க, பத்து பில்லுக்கு ஒரு தடவை டோட்டல் போட்டிருப்பீங்க. இதெல்லாம் பிரிண்ட் எடுக்கற பேப்பருக்கு ஓகே, டேட்டா இருக்கற ஷீட்டுக்கு ஆகவே ஆகாது, சார்ட் பண்ணினா குழம்பும், ஃபில்டர் போட்டா பாதி வரி விட்டுப்போகும். கலர் விஷயமும் அப்படித்தான், மஞ்சள் அடிச்சிருந்தா பணம் வந்துடுச்சுன்னு உங்களுக்குத் தெரியும், ஆனா மஞ்சளை மட்டும் கூட்டிக் கொடுன்னு சாதாரண ஃபார்முலா கிட்ட கேட்க முடியாது. வந்த பணத்துக்குன்னு தனி ஷீட் வச்சோம் இல்லையா, அதுல தேதியும் பில் நம்பரும் போட்டாச்சுன்னா கலருக்கு அவசியமே இல்ல. மாசத்துக்கு ஒரு ஷீட்னு பிரிக்காதீங்க, எல்லா மாசமும் ஒரே ஷீட்ல கீழ கீழ போகட்டும், தேதிக்குன்னு ஒரு காலம் (column) இருந்தா எந்த மாசத்தையும் எப்ப வேணும்னாலும் பிரிச்சுக்கலாம். தலைப்பு வரியில கர்சரை வச்சு கண்ட்ரோலும் T எழுத்தும் (Ctrl+T) சேர்த்து அழுத்துங்க, அது டேபிளா மாறிடும், புது வரி சேர்த்தா ஃபார்முலா தானா இறங்கி வரும். கஸ்டமர் கோட் காலத்துக்கு டேட்டா மெனுவுல டேட்டா வேலிடேஷன் போய் லிஸ்ட் வச்சுடுங்க, லிஸ்ட்ல இல்லாததை டைப் அடிச்சா எடுத்துக்காது.

நம்பர் விஷயத்துல எக்ஸெல் சத்தமே இல்லாம செய்யற வேலை ஒண்ணு இருக்கு, ஆஃபீஸ்ல எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கணும். பூஜ்யத்துல ஆரம்பிக்கற நம்பரை அடிச்சா முன்னாடி இருக்கற பூஜ்யத்தைத் தூக்கிடும். 15 இலக்கத்துக்கு மேல போனா மிச்ச இலக்கத்தை எல்லாம் பூஜ்யமா மாத்திடும், அதாவது 16 இலக்க அக்கவுண்ட் நம்பர் அடிச்சீங்கன்னா கடைசி இலக்கம் காலி, எச்சரிக்கையும் வராது, அப்புறமா ஃபார்மேட் மாத்தினாலும் அது திரும்பி வராது. அதனால ஃபோன் நம்பர், அக்கவுண்ட் நம்பர், பொருள் கோட் இதுக்கெல்லாம் டைப் அடிக்கறதுக்கு முன்னாடியே அந்தக் காலத்தை டெக்ஸ்ட் ஃபார்மேட்டுக்கு மாத்திடுங்க. கூட்டிக் கழிக்காத நம்பர் எல்லாமே டெக்ஸ்ட்தான்னு வச்சுக்கோங்க.

தேதியும் இதே மாதிரிதான். 03/04னு அடிச்சா ஒரு கம்ப்யூட்டர் மார்ச் 4ன்னு எடுத்துக்கும், பக்கத்து கம்ப்யூட்டர் ஏப்ரல் 3ன்னு எடுத்துக்கும், விண்டோஸ்ல ரீஜியன் செட்டிங் எப்படி இருக்கோ அப்படி. நாலு கம்ப்யூட்டர்லயும் அதை ஒரே மாதிரி வைங்க. புள்ளி வச்சு அடிச்ச தேதியை நிறைய கம்ப்யூட்டர்ல தேதியாவே எடுத்துக்காம வெறும் எழுத்தா வச்சுக்கும். எப்படி கண்டுபிடிக்கறதுன்னா, அலைன்மென்ட் எதுவும் மாத்தாத செல்லுல உண்மையான தேதி வலது பக்கம் ஒட்டி நிக்கும், எழுத்தா இருந்தா இடது பக்கம். இன்னும் சந்தேகம்னா செல்லை ஜெனரல் ஃபார்மேட்டுக்கு மாத்துங்க, 2025 ஜனவரி 1 வந்து 45658னு மாறும், ஏன்னா எக்ஸெல் தேதியை 1900ல இருந்து நாள் கணக்காத்தான் வச்சிருக்கு. மாறாம அப்படியே நின்னுச்சுன்னா அது தேதியே இல்ல. இன்னைக்குத் தேதி வேணும்னா கண்ட்ரோலும் செமிகோலனும் சேர்த்து அழுத்துங்க, டைப்பே அடிக்க வேண்டாம்.

பொருள் கோட் போட்டா பேரும் ரேட்டும் தானா வர்றதுக்கு விலுக்கப் (VLOOKUP) ஃபார்முலா போதும், எக்ஸெல் 2021 இல்ல மைக்ரோசாஃப்ட் 365 வச்சிருந்தீங்கன்னா எக்ஸ்லுக்கப் (XLOOKUP) இன்னும் நல்லது. விலுக்கப்ல கடைசியா ஃபால்ஸ் (FALSE) போட மறந்துடாதீங்க, விட்டுட்டீங்கன்னா அது கிட்டத்தட்ட பொருந்தறதை எடுத்துட்டு வரும், எர்ரரும் காட்டாது, தப்பான ரேட்டு பில்லுல ஏறிடும். இதைவிட முக்கியமா இன்னொண்ணு. பொருள் லிஸ்ட்ல இன்னைக்கு ரேட்டை ஏத்தினா, லுக்கப் போட்டு வச்ச பழைய பில்லெல்லாம் சேர்ந்து மாறிடும், போன மாச விற்பனை இந்த மாச ரேட்ல நிக்கும்! ஒரே இடத்துல டைப் அடிக்கணும்னு சொன்னதுக்கு இது ஒண்ணு மட்டும் விதிவிலக்கு, பில் போட்ட அன்னைக்கு என்ன ரேட்டோ அது அந்த பில்லுக்கே சொந்தம். பில்லை முடிச்சதும் ரேட் செல்லை காப்பி பண்ணி, பேஸ்ட் ஸ்பெஷல்ல வேல்யூஸ்னு ஒட்டிடுங்க. டாக்ஸ் சதவீதத்துக்கும் இதேதான்.

இவ்வளவு ஒழுங்கா வந்துடுச்சுன்னா பிவட் டேபிள் (எக்ஸெல்லே கூட்டித் தொகுத்துக் காட்டற வசதி) ஒண்ணு போட்டாலே எந்த கஸ்டமர் எவ்வளவு வாங்கினார், எந்தப் பொருள் நகரவே இல்லன்னு ரெண்டு நிமிஷத்துல பார்த்துடலாம். ஃபைலை எக்ஸ்எல்எஸ்எக்ஸ்ஸா (.xlsx) மட்டும் சேவ் பண்ணுங்க. பழைய எக்ஸ்எல்எஸ் ஃபார்மேட்ல ஒரு ஷீட்டுக்கு 65,536 வரிதான், புதுசுல 10,48,576. இங்கிலாந்துல 2020ல கொரோனா டெஸ்ட் ரிசல்ட்டை இந்தப் பழைய ஃபார்மேட்ல ஏத்தினதால, அதுல அடங்காத வரியெல்லாம் விட்டுப்போய் 15,841 பேரோட பாசிட்டிவ் ரிசல்ட் கணக்குல லேட்டாத்தான் சேர்ந்துச்சு. உங்க ஆஃபீஸ் அவ்வளவு வரிக்குப் போகாது, ஆனாலும் பழைய ஃபார்மேட்டை வச்சுக்க ஒரு காரணமும் இல்ல.

அடுத்து நீங்க கேட்ட லேட்டஸ்ட் ஃபைல் பிரச்சனை. அது எப்படி வருதுன்னா, ஷேர்டு ஃபோல்டர்ல இருக்கற ஃபைலை ஒருத்தர் திறந்து வச்சிருப்பார், அடுத்தவர் திறந்தா ரீட் ஒன்லின்னு வரும், அவருக்கு வேலை ஓடணுமே, வேற பேர்ல சேவ் பண்ணிடுவார், சாயங்காலம் அதை யாரும் சேர்க்க மாட்டாங்க. அப்படித்தான் ஃபைனல், ஃபைனல் 2, புதுசு ஃபைனல்னு குவியுது. யார் மேலயும் தப்பில்ல, ஃபைலை வச்ச இடம் தப்பு. கூகுள் ஷீட்ஸ்லயோ ஒன்டிரைவ்லயோ வச்சு ஆட்டோசேவை ஆன் பண்ணிட்டா எல்லாரும் ஒரே நேரத்துல ஒரே ஃபைல்ல வேலை செய்யலாம், யாராவது தெரியாம அழிச்சிட்டாலும் வெர்ஷன் ஹிஸ்டரியில போய் பழையதை எடுத்துக்கலாம். ஃபைலை மெயில்ல அனுப்பாதீங்க, லிங்க் அனுப்புங்க, அட்டாச்மென்ட் போன நிமிஷமே அது ரெண்டு ஃபைல் ஆயிடுது. கொட்டேஷன், லெட்டர் மாதிரி தனித்தனியா இருக்க வேண்டிய ஃபைலுக்கு பேர்ல முதல்ல வருஷம், அப்புறம் மாசம், அப்புறம் நாள் போட்டு, 2025-03-14னு ஆரம்பிச்சு அதுக்கப்புறம் கஸ்டமர் கோட் போடுங்க, ஃபோல்டர்ல தானா தேதி வரிசையில நிக்கும்.

இதோட பேக்கப்பைக் குழப்பிக்காதீங்க. டிரைவ்ல இருக்கே, அதான் பேக்கப்னு நிறைய பேர் நினைக்கறாங்க, அது பேக்கப் இல்ல, சிங்க். இங்க அழிச்சா அங்கயும் அழியும், இங்க ரான்சம்வேர், அதாவது பணம் கேட்டு மிரட்டற வைரஸ், வந்து ஃபைலைப் பூட்டினா பூட்டின ஃபைல்தான் மேல ஏறும். கூகுள் டிரைவ் டிராஷ்ல போனது 30 நாள்ல மொத்தமா போயிடும். மூணு காப்பி, ரெண்டு விதமான மீடியா, ஒண்ணு ஆஃபீஸுக்கு வெளியன்னு ஒரு கணக்கு சொல்லுவாங்க, உங்க அளவுக்கு வாரத்துக்கு ஒரு தடவை எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்ல எடுத்து, எடுத்ததும் கழட்டி வேற இடத்துல வச்சுட்டாலே பெரிய விஷயம். கழட்டறதுதான் முக்கியம், சொருகியே வச்சிருந்தா வர்ற வைரஸ் அதையும் சேர்த்துப் பூட்டிடும். அப்புறம் மூணு மாசத்துக்கு ஒரு தடவை அதுல இருந்து ஒரு ஃபைலை வேற கம்ப்யூட்டர்ல திறந்து பாருங்க, திறந்து பார்க்காத பேக்கப்பை நம்பவே நம்பாதீங்க.

கம்ப்யூட்டர் மாத்தறதைப் பத்தி. கண்ட்ரோல் ஷிஃப்ட் எஸ்கேப் அழுத்தினா டாஸ்க் மேனேஜர் வரும், மெதுவா இருக்கற நேரத்துல டிஸ்க் 100 சதவீதத்துல நிக்குதான்னு பாருங்க. உள்ள பழைய சுத்தற ஹார்ட் டிஸ்க் இருந்தா அதுக்குப் பதிலா சுத்தற பாகமே இல்லாத வேகமான எஸ்எஸ்டி (SSD) போட்டாலே ஆளே மாறிடும், மெமரி 4 ஜிபி இருந்தா 8 ஆக்குங்க. ஆனா விண்டோஸ் 10ல ஓடுதுன்னா, அதுக்கு மைக்ரோசாஃப்ட் சப்போர்ட் 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சது, விண்டோஸ் 11 ஏறுமான்னு பார்த்துட்டு அப்புறம் செலவு பண்ணுங்க. அப்டேட்டைத் தள்ளிப்போடாதீங்க, 2017 மே மாசம் வானாக்ரைங்கற ரான்சம்வேர் பரவினப்ப அதுக்கான அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச்சுலயே கொடுத்திருந்தது, போடாதவங்கதான் மாட்டினாங்க. திருட்டு சாஃப்ட்வேர் இருந்தா எடுத்துடுங்க, எக்ஸெல், வேர்டு மாதிரி வேலைக்கு லிப்ரே ஆஃபீஸ் இலவசமாவே கிடைக்குது.

மெயில் ஐடிக்கு ரெண்டு ஸ்டெப் வெரிஃபிகேஷன் போட்டுடுங்க, அஞ்சு பேருக்கும் தனித்தனி லாகின், ஒரே பாஸ்வேர்டை எல்லாரும் வச்சுக்கிட்டா ஒருத்தர் வேலையை விட்டுப் போறப்ப எல்லாத்தையும் மாத்தணும். சப்ளையர்கிட்ட இருந்து பேங்க் அக்கவுண்ட் மாறிடுச்சுன்னு மெயில் வந்தா, மெயில்ல இருக்கற நம்பருக்கு இல்லாம உங்ககிட்ட முன்னாடியே இருக்கற நம்பருக்குக் கூப்பிட்டுக் கேட்டுட்டுத்தான் பணம் போடணும்.

மூணு மாசம் இப்படி ஓட்டிப் பாருங்க. அப்பவும் பில் எண்ணிக்கை கூடி கையால சமாளிக்க முடியல, இல்ல யார் எதை மாத்தினாங்கன்னு பார்த்தே ஆகணும்னு வந்தா, அப்ப சாஃப்ட்வேர் வாங்கலாம். டெமோவுல அவங்க டேட்டாவைக் காட்டுவாங்க, எல்லாமே அழகாத்தான் தெரியும், அதைப் பார்த்து முடிவு பண்ணாதீங்க. உங்க ஒரு மாச பில்லைக் கொடுத்து ஏத்திக் காட்டச் சொல்லுங்க, ரிட்டர்ன் வந்த பொருள், பாதிப் பணம் வந்த பில், கேன்சல் ஆன பில் மூணையும் கண்டிப்பா போட்டுப் பாருங்க. எல்லா டேட்டாவையும் எக்ஸெல்லாவோ சிஎஸ்வியாவோ (CSV, எக்ஸெல்ல திறக்கற சாதா டெக்ஸ்ட் ஃபைல்) வெளிய எடுக்க முடியுமான்னு கேளுங்க, முடியாதுன்னா எவ்வளவு நல்லா இருந்தாலும் வேண்டாம், நாளைக்கு மாறணும்னா உங்க கணக்கு அங்கயே மாட்டிக்கும். வாங்கின அப்புறம் ஒரு மாசம் பழைய ஷீட்டையும் கூடவே ஓட்டுங்க, மாசக் கடைசியில ரெண்டு டோட்டலும் ஒத்துப்போனதுக்கு அப்புறம் பழசை நிறுத்திக்கலாம்.