பொலிசுக்குப் போவது அவிசுவாசமா?

கேள்வி: உப்புவெளிப் பக்கம் எனக்குச் சீதனமாகக் கிடைத்த வீட்டில் வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடி ஜெபிக்கிறோம். அயலிலுள்ள பொடியன்கள் சிலர் கேற்றடிக்கு வந்து "இனிக் கூடினா வீடு இருக்காது" என்று வெருட்டினார்கள். போன கிழமை இரவு கூரைத் தகரத்தில் கல் விழுந்தது. விதானையாரும் ஒருநாள் வந்து, பதிவு இல்லாவிட்டால் நிறுத்தச் சொன்னார். கணவரின் தமையன் அவர்கள் பக்கம். எங்கள் பாஸ்டரோ, தேவன் காப்பார் என்று சொல்லும் 91ஆம் சங்கீதத்தை வாசித்து ஜெபித்தால் போதும், பொலிசுக்குப் போவது அவிசுவாசம் என்கிறார். எட்டு வயது மகள் இரவில் திடுக்கிட்டு எழும்புகிறாள். கர்த்தர் உண்மையுள்ளவர் என்றால் ஏன் கல் விழுகிறது?
- ஒரு சகோதரி, திருகோணமலை

பதில்: அன்புச் சகோதரி, பொலிசுக்குப் போங்கள். முடிந்தால் பாஸ்டரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

அவரிடம் அப்போஸ்தலர் 23ஆம் அதிகாரத்தைத் திறந்து காட்டுங்கள். எருசலேமில் பவுல் காவலில் இருந்த இரவில் கர்த்தர் அருகே நின்று, திடன்கொள், நீ ரோமாவிலும் சாட்சி சொல்லவேண்டும் என்கிறார். இதைவிட நேரடியான வாக்குத்தத்தம் வேண்டுமா? மறுநாள் நாற்பது பேருக்கு மேல் அவனைக் கொல்லச் சபதம் பண்ணுகிறார்கள். செய்தி பவுலின் சகோதரியுடைய மகன் காதில் விழுகிறது. "கர்த்தர் சொல்லிவிட்டார், நீ வீட்டுக்குப் போ தம்பி" என்று பவுல் அவனை அனுப்பிவிடவில்லை, சேனாபதியிடம் அனுப்பினான். அன்றிரவே 200 சேவகர், 70 குதிரைவீரர், 200 ஈட்டிக்காரர் காவலோடு பவுல் செசரியாவுக்குப் புறப்பட்டான். வாக்கு நிறைவேறிய வழி அதுதான்: காது கொடுத்துக் கேட்ட ஒரு பொடியனும், கிறிஸ்துவை அறியாத ஓர் அதிகாரியும்.

91ஆம் சங்கீதத்தை வாசியுங்கள், பிள்ளைக்கும் சொல்லிக்கொடுங்கள். ஆனால் மந்திரம் போல அல்ல. தேவாலயத்து உப்பரிகையில் இயேசுவை நிறுத்தி, கீழே குதி என்று பிசாசு காட்டியதும் அதே சங்கீதத்தின் வசனந்தான். ஏரோது யாக்கோபைப் பட்டயத்தால் கொன்றான். அதே ஏரோதின் சிறையிலிருந்து பேதுருவைத் தூதன் வெளியே கொண்டுவந்தான். யாக்கோபுக்கு விசுவாசம் குறைவு என்று வேதம் எங்கும் சொல்லவில்லை. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் இறந்தவர்களில் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளும் இருந்தார்கள். அந்தத் தாய்மாரிடம் போய் 91ஐ வாசித்திருக்கலாமே என்று யாராவது சொல்வோமா? அன்று குண்டோடு வந்தவனை வாசலிலேயே நிறுத்திக் கேள்வி கேட்டதால்தான் அவனால் நிறைந்திருந்த ஆலயத்துக்குள் போக முடியவில்லை. அப்படி வாசலில் நின்றதை அவிசுவாசம் என்று யாரும் சொல்லத் துணியமாட்டார்கள்.

கர்த்தர் உண்மையுள்ளவர் என்று நீங்கள் பிடித்திருக்கிற வார்த்தை 2 தெசலோனிக்கேயர் 3:3இல் இருக்கிறது. அதற்கு முந்திய வசனத்தில், பொல்லாத மனுஷர் கையிலிருந்து தப்புவிக்கப்படும்படி தனக்காக ஜெபிக்கச் சொல்கிறான் பவுல். உங்களை அவர் கைவிடமாட்டார் என்பது நிச்சயம். கல் விழாது என்பது அவர் தந்த வாக்கு அல்ல. ஆகவே மகளிடமும் "இனிக் கல் விழாது" என்று சொல்லிவிடாதீர்கள். இன்னொன்று விழுந்தால் அவளுக்கு உங்கள் பேச்சும் போகும், கடவுளும் போவார். தெருப் பக்கம் இருக்கும் கட்டிலை உள்ளறைக்கு மாற்றுங்கள், கொஞ்ச நாளைக்கு அவளோடு படுங்கள்.

உங்கள் பக்கத்தையும் ஒருமுறை பாருங்கள். பிறர் காரியத்தில் தலையிட்டுப் பாடுபடாதிருங்கள் என்று பேதுரு எழுதியது விசுவாசிகளுக்குத்தான். கூட்டத்துக்கு வருகிறவர்களின் மோட்டார் சைக்கிள்கள் யாருடைய கேற்றை மறித்து நிற்கின்றன? ஸ்பீக்கர் பெட்டி வைக்கிறீர்களா? பொலிஸ் அனுமதி இல்லாமல் ஒலிபெருக்கி போட்டால் உங்கள் முறைப்பாடே உங்களுக்கு எதிராகத் திரும்பும். சிவராத்திரியை அடுத்து கோணேசர் நகர்வலம் வரும் நாட்களில், அயலார் நிறைகுடம் வைத்துக் காத்திருக்கையில், அவர்கள் படலைக்குள் துண்டுப்பிரசுரம் செருகுவது சாட்சியல்ல, சண்டைக்கு அழைப்பு. தமையனோடு வேதம் பேசித் தர்க்கிக்க வேண்டாம். வீடு உங்கள் பேரில் இருப்பதால் அவரால் உங்களைக் கிளப்ப முடியாது. அந்தச் சீதன உறுதியின் போட்டோப் பிரதியை மட்டும் கைக்கெட்டிய இடத்தில் வையுங்கள்.

இனி முறைப்பாடு. விழுந்த கல்லை அள்ளி எறிந்துவிட்டீர்களா? இனி விழுந்தால், கிடந்த இடத்திலேயே கல்லையும் நெளிந்த தகரத்தையும் படமெடுத்த பிறகுதான் முற்றம் கூட்டுங்கள். வெருட்டியதை யாராவது போனில் எடுத்திருந்தால் மூலக் கோப்பை அழிக்க வேண்டாம், பேஸ்புக்கிலும் போட வேண்டாம். போட்டால் நாலு பொடியன்களின் பிரச்சினை ஊர்ப் பிரச்சினையாகிவிடும். திகதி, நேரம், வந்தவர்கள், அவர்கள் சொன்ன சொற்கள் அப்படியே, எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு போங்கள்.

பொலிஸ் நிலையத்தில் காரியம் பெரும்பாலும் பிழையாகிப்போவது இப்படி. ஜெபம் என்ற சொல்லே வராமல் "அயலவர் தகராறு" என்று பதிவாகும். பிறகு இரு தரப்பையும் கூப்பிட்டு, சமாதானத்துக்காகக் கூட்டத்தை நிறுத்துவதாக உங்களிடம் கையெழுத்துக் கேட்பார்கள். வைக்காதீர்கள். மத வழிபாட்டுக்குக் கூடியவர்களைக் குழப்புவது தண்டனைச் சட்டக்கோவையின் 291ஆம் பிரிவில் குற்றம். வீடு இருக்காது என்றது குற்றவியல் அச்சுறுத்தல். இரண்டும் பதிவில் வரவேண்டும். தமிழில் எழுதக் கேளுங்கள், அது உங்கள் உரிமை. சிங்களத்தில் எழுதியிருந்தால், தெரிந்தவர் வாசித்துச் சொல்லும்வரை ஒப்பமிடாதீர்கள். முறைப்பாட்டு இலக்கம் இல்லாமல் திரும்பாதீர்கள். அவசரத்துக்கு 119.

விதானையார் விஷயம் வேறு. மற்றவர்களோடு சேர்ந்து, தனிப்பட்ட இடத்திலும் வழிபடும் சுதந்திரம் அரசியலமைப்பின் 14(1)(உ) உறுப்புரையில் இருக்கிறது. பதிவு என்று அவர்கள் காட்டுவது பெரும்பாலும் 2008இல் வந்த சுற்றறிக்கை. அது பாராளுமன்றம் இயற்றிய சட்டமல்ல, புதிதாகக் கட்டும் வழிபாட்டிடங்களைப் பற்றியது. "எந்தச் சட்டத்தின்படி என்று எழுத்தில் தாருங்கள் ஐயா" என்று மரியாதையாகக் கேளுங்கள். அனேகமாக எழுத்தில் வராது. வந்தால் அதைச் சட்டத்தரணியிடம் கொண்டுபோங்கள். கையில் காசில்லாவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது.

பொடியன்கள் மேல் அடிப்படை உரிமை வழக்குப் போட முடியாது. அது விதானையார் போன்ற அரச அதிகாரி செய்ததற்கும், செய்யவேண்டியதைச் செய்யாமல் விட்டதற்கும்தான். உயர் நீதிமன்றத்துக்குப் போக ஒரு மாதமே தவணை. அதற்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் திருகோணமலை அலுவலகத்தில் முறையிட்டால், விசாரணை நடக்கும் காலம் அந்த மாதத்தில் சேராது. விதானையார் வந்த திகதியைக் கடிதத்தில் நீங்கள் எழுதவில்லை. இன்றே கலண்டரை எடுத்துப் பாருங்கள்.