‘வாட்டர் மேக்கர் இருக்கு, தண்ணிக்குக் கவலையில்ல’ என்று ஏஜென்ட் சொன்னால்

கேள்வி: துபாயில் வேலை. சொந்த ஊர் ராமநாதபுரம் பக்கம். நவம்பர் கடைசியில் கேனரித் தீவுகளின் லாஸ் பால்மாஸிலிருந்து அட்லான்டிக்கைக் கடந்து கரீபியன் தீவான பார்படோஸுக்கு, 12 மீட்டர் பாய்மரப் படகில் நான்கு பேரில் ஒருவனாகப் போக ஏஜென்ட் மூலம் இடம் கிடைத்திருக்கிறது. ஒரே டேங்க், 300 லிட்டர். ‘வாட்டர் மேக்கர் இருக்கு, தினம் குளிக்கலாம்’ என்கிறார். நம்பலாமா?

பதில்: கடல்நீரைக் குடிநீராக்கும் அந்த மெஷினை நம்பலாம். அதை வைத்துக் கணக்குப் போடத்தான் கூடாது. அது கிடையவே கிடையாது என்று வைத்துக்கொண்டு தண்ணீர் ஏற்றுங்கள், ஓடினால் லாபம்.

தூரம் சுமார் 2,700 கடல்மைல். அந்த அளவுப் படகு சராசரி ஐந்தரை நாட் (மணிக்கு ஐந்தரை கடல்மைல்) போனால் 21 நாள். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஒரு நாளைக்கு 3 லிட்டர் என்றால் நாலு பேருக்கு 252. காற்று படுத்துவிடும் நாட்களுக்காக அதில் பாதியைச் சேர்த்தால் 378. டேங்கில் அடி 30 லிட்டரை விட்டுவிடுங்கள். படகு உருளும்போது குழாய் அங்கே தண்ணீரோடு காற்றையும் வண்டலையும் சேர்த்து உறிஞ்சும். மிச்சம் 270. குறைவது 108 லிட்டர், அதாவது ஐந்து லிட்டர் கேன் 22. டேங்க் மொத்தமாகப் போனாலும் இந்தக் கேன்களில் ஆளுக்கு ஒன்றரை லிட்டர் வீதம் 18 நாள் ஓட்டலாம். கேன்களைத் தரைப்பலகைக்குக் கீழே, பாய்மரத்துக்குப் பக்கத்தில் அடுக்குங்கள். முன்மூக்கில் வேண்டாம். இடையிடையே பழைய துண்டுகளைத் திணியுங்கள். பின்காற்றில் படகு இரவும் பகலும் இருபக்கமும் ஆடும். மெல்லிய பிளாஸ்டிக் ஒன்றோடொன்று உரசியே ஓட்டையாகிவிடும்.

டேங்க் எப்படி மொத்தமாகப் போகும்? குழாயைத் திறந்தால் தானாக ஓடும் மின்பம்ப்தான் வில்லன். எங்கோ ஒரு ஹோஸ் கிளிப் தளர்ந்தால், யாரும் குழாயைத் திறக்காமலே பம்ப் ஓடி, நல்ல தண்ணீரையெல்லாம் படகின் அடியில் கொட்டிவிடும். இரவில் அந்த ‘டர்ர்’ சத்தம் கேட்டால் முதலில் சுவிட்சை அணையுங்கள், காரணத்தைப் பிறகு தேடலாம். கடலில் அந்த சுவிட்ச் அணைந்தே இருக்கட்டும். அப்போது தண்ணீர் எடுக்க, சமையலறையில் காலால் மிதிக்கும் பம்ப் இருக்கிறதா என்று கேப்டனிடம் கேளுங்கள்.

இனி மெஷின். நம் வீட்டு ஆர்.ஓ. செய்யும் அதே வேலைதான். ஆனால் கடல்நீரை மெம்பிரேன் (உப்பைத் தடுக்கும் சவ்வு) வழியே தள்ள 55 பார் அளவுக்கு அழுத்தம் வேண்டும். மணிக்கு 25, 30 லிட்டர் தரும் 12 வோல்ட் மெஷின் 9, 10 ஆம்பியர் இழுக்கும். ஃப்ரிட்ஜும் ஆட்டோபைலட்டும் அதே பேட்டரியில்தான் தின்கின்றன. மேகம் மூடி சோலார் மின்சாரம் குறைந்தால் முதலில் நிறுத்தப்படுவது வாட்டர் மேக்கர்தான். கடல்நீர் இழுக்கும் துளை நீர்மட்டத்துக்குப் பக்கமாக இருந்தால், படகு உருளும்போதெல்லாம் காற்றை விழுங்கிப் பம்ப் திணறும். கரையில் கட்டியிருக்கும்போது இது எதுவும் தெரியாது. மரினாவில் (படகுகள் கட்டும் துறையில்) ஓட்டிப் பார்க்கவும் முடியாது, அங்கே மிதக்கும் எண்ணெய் மெம்பிரேனைக் கெடுத்துவிடும். ஆகவே புறப்படுவதற்கு முன்பு ஒருநாள் வெளிக்கடலுக்குப் போய் இரண்டு மணி நேரம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். முதல் சில நிமிடத் தண்ணீரைக் கொட்டிவிட்டு கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரை வையுங்கள். 500-க்குள் இருந்தால் சரி. ஆயிரத்தைத் தாண்டினால் அந்தத் தண்ணீரை டேங்கில் சேர்க்கவே கூடாது. நல்ல தண்ணீரும் கெடும்.

ஓடி முடித்ததும் மெஷினை நல்ல தண்ணீரால் அலச வேண்டும். எல்லோரும் சொல்வது இது. இதில் ஒரு விலக்கு உண்டு, அதைத்தான் யாரும் சொல்வதில்லை. கரைக்குழாயில் பிடித்த தண்ணீரில் குளோரின் இருக்கும். டேங்கில் கிருமி வராமலிருக்க நீங்களே ப்ளீச் சொட்டு விட்டிருந்தாலும் அதே கதைதான். அந்தத் தண்ணீரால் அலசினால் மெம்பிரேன் வெந்துபோகும், திரும்ப வராது. அலசும் குழாயில் கார்பன் ஃபில்டர் இருந்தால் பரவாயில்லை, அது குளோரினைப் பிடித்துக்கொள்ளும். அதற்கும் ஆயுசு ஆறு மாதம்தான். இன்னொரு கூத்து: கார்பன் ஃபில்டரும் சாதாரண அழுக்கு ஃபில்டரும் அதே பத்து அங்குல டப்பாவில் உட்காரும். கார்பன் இருக்க வேண்டிய இடத்தில் யாராவது அழுக்கு ஃபில்டரை மாட்டியிருந்தால் வெளியிலிருந்து பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. டப்பாவைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். மாற்றிய தேதி அதன்மேல் எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லையென்றால் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

குளியல் கடல்நீரில்தான். சோப்பு நுரைக்காது, பாத்திரம் கழுவும் திரவம் நுரைக்கும். கடைசியில் செடிக்குத் தெளிக்கும் பாட்டிலில் அரை லிட்டர் நல்ல தண்ணீர். அதை மிச்சம் பிடிக்காதீர்கள். தோலில் தங்கும் உப்பு ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், மூன்றாம் நாள் உட்காருமிடத்தில் புண். சோறு வடிக்க வேண்டாம், குக்கரில் வையுங்கள். தண்ணீரில் கால் பங்கு கடல்நீர் சேர்த்தால் தனியாக உப்பு போட வேண்டியதில்லை. மழையை நம்பாதீர்கள், முதல் பாதியில் அநேகமாக வராது.

கதவருகே இரண்டு பத்து லிட்டர் கேன் தனியாக இருக்கட்டும், உயிர்காப்புத் தெப்பத்தில் இறங்க நேர்ந்தால் எடுத்துப்போக. கழுத்துவரை நிரப்பாமல் பத்தில் ஒன்பது பங்கு நிரப்பினால் தண்ணீரில் விழுந்தாலும் மிதக்கும்.

முதல் வாரத்திலேயே மெஷின் செத்தால், சுமார் 850 கடல்மைலில் மேற்கு ஆப்பிரிக்காவுக்கு அப்பாலுள்ள தீவு நாடான கேப் வர்டியின் மின்டெலோ துறைமுகம் இருக்கிறது. அங்கே நிறுத்திக் கேன் நிரப்பலாம். அதைத் தாண்டிவிட்டால் திரும்புவது என்ற பேச்சே இல்லை, வடகிழக்கிலிருந்து வீசிக்கொண்டே இருக்கும் வியாபாரக் காற்று முகத்தில் அடிக்கும்.

ஏஜென்ட் விஷயம். சாப்பாட்டுச் செலவைப் பங்கு போடுவது வழக்கம், அதில் தப்பில்லை. கேப்டனோடு நீங்கள் பேசும் முன்பே ‘இடம் உறுதி’ என்று முன்பணம் கேட்பவர் தரகர். ‘கடல் அனுபவச் சான்றிதழ்’ தருகிறேன் என்பவரிடம் இன்னும் தள்ளியே நில்லுங்கள். நவம்பரில் லாஸ் பால்மாஸ் மரினா அறிவிப்புப் பலகையில் கேப்டன்களே ஆள் தேடி ஒட்டுகிறார்கள், அதைப் பார்க்கக் கமிஷன் கிடையாது. சரக்குக் கப்பலென்றால் கேட்க ஆளுண்டு. தனியார் உல்லாசப் படகு கிளம்பும் முன் டேங்கில் எவ்வளவு தண்ணீர் என்று எந்த அதிகாரியும் வந்து அளப்பதில்லை. அளக்க வேண்டியது நீங்கள்தான்.

அதே அதிகாரிகள் காகிதத்தில் மட்டும் கறார். கேனரி ஸ்பெயினுக்குச் சொந்தம், ஆகவே ஷெங்கன் விசா. நீங்கள் வெளியேறுவது படகில் என்பதால் விமான நிலையத்தில் நடப்பதுபோல் தானாகப் பதிவாகாது. துறைமுகப் போலீஸிடம் கேப்டனோடு போய், பயணியர் பட்டியலில் உங்கள் பெயரைக் காட்டி, வெளியேறியதைப் பதிய வைக்க வேண்டும். கவுன்டர் எப்போது திறந்திருக்கும் என்பது அவர்கள் இஷ்டம். இரண்டு நாள் முன்பே போங்கள். பதியாமல் கிளம்பினால், அடுத்த விசா கேட்கும்போது நீங்கள் இன்னும் ஸ்பெயினிலேயே தங்கியிருப்பதாகக் கணக்குக் காட்டும்.