கடைப் பையனுக்கு யார் முதலீடு தருவது?

"ஐயா, நைஜீரிய செனட்டர் இஃபியானி உபாவைப் பற்றி ஒரு வீடியோ பார்த்தேன். பள்ளியைப் பாதியில் விட்டவர், எண்ணெய் வியாபாரத்தில் கோடீஸ்வரராகி செனட்டுக்கும் போயிருக்கிறார். என் மகனும் படிப்பை நிறுத்திவிட்டு உதிரிபாகக் கடையில் சேர்ந்திருக்கிறான். உபா வளர்ந்தது உழைப்பாலா, அரசியல் தொடர்பாலா?" (ஒரு வாசகர்)

அன்புள்ள நண்பருக்கு,

மகனை நினைத்துக் கலங்காதீர்கள். கடையில் நிற்பதில் எந்தக் கேவலமும் இல்லை. ஆனால் 'தனியாளாக நின்று ஜெயித்தவர்' என்கிற வீடியோக்களை தயவுசெய்து அவனுக்குக் காட்டாதீர்கள். அவை பிள்ளைகளை ஏமாற்றுகின்றன.

உபா 2019இல் ஒரு சின்னக் கட்சியின் சார்பில் அனம்ப்ரா தெற்குத் தொகுதியில் ஜெயித்தார். 2023இல் ஆளும் கட்சிக்கு மாறினார். 2024 ஜூலையில் லண்டனில் இறந்தார். எண்ணெய் இறக்குமதி அரசை ஒட்டி நடக்கும் தொழில். தொடர்பு எவ்வளவு உதவியது என்பதை விடுங்கள்.

அவர் நெவி ஊர்க்காரர், இக்போ இனத்தவர். அதைத்தான் பார்க்க வேண்டும். நைஜீரியாவிலிருந்து பிரிந்து தனிநாடாக நிற்க இக்போ மக்கள் நடத்திய பயாஃப்ரா போர் 1970இல் தோல்வியில் முடிந்தபோது, வங்கியில் எவ்வளவு போட்டிருந்தாலும் அந்த மக்களுக்குக் கிடைத்தது 20 பவுண்டுதான். அவர்கள் மறுபடி எழுந்ததில் 'இக்பா போய்' என்ற ஏற்பாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. பையனை ஒரு வியாபாரியிடம் விடுவார்கள். ஐந்து, ஆறு, ஏழு வருடம் சம்பளம் கிடையாது. சாப்பாடும் படுக்கையும் முதலாளி வீட்டில். சரக்கு, கடன், வாடிக்கையாளர் எல்லாம் பழகிய பிறகு, முதலாளி தன் காசில் அவனுக்கு முதல் கொடுத்துத் தனிக்கடை வைத்துவிட வேண்டும். எழுத்தில் ஒன்றும் இருக்காது, ஊரே சாட்சி.

யோசித்துப் பாருங்கள். தனக்குப் போட்டியாக வரப்போகிறவனை முதலாளியே உருவாக்குகிறார்! உபாவும் உதிரிபாகக் கடையில் அப்படிப் பையனாக நின்றவர்தான். டயரும் உதிரிபாகமும் மேற்கு ஆப்பிரிக்கா முழுக்க அனுப்பியதெல்லாம் அப்புறம். உழைப்பா என்று கேட்கிறீர்கள். உழைக்காத கடைப் பையன் உலகத்தில் எங்கே இருக்கிறான்? உழைத்தவனுக்கு முதல் கொடுக்க ஒருவர் கடமைப்பட்டிருந்தார் என்பதுதான் அங்கே வித்தியாசம்.

அங்கும் அயோக்கியர்கள் உண்டு. கடைசி வருடத்தில் திருட்டுப் பழி போட்டு வெறுங்கையோடு விரட்டும் முதலாளிகளைப் பற்றிப் படித்து வயிறு எரிந்திருக்கிறேன்.

அதனால் உபாவை விட்டுவிட்டு, மகன் சேர்ந்த கடையைப் பற்றி எழுதுங்கள். அந்த முதலாளி அவனுக்குக் கொள்முதல் கற்றுத் தருகிறாரா, இல்லை மூட்டை தூக்க மட்டும் வைத்திருக்கிறாரா? சேர்த்துவிடும்போது ஒரு அப்பாவாக நீங்கள் இதைக் கேட்டீர்களா? கேட்கவில்லையென்றால் நாளைக்கே போய்க் கேளுங்கள்.