மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்கு முன் என்னென்ன தயார் செய்ய வேண்டும்?

அம்மாவுக்கு அடுத்த மாதம் முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை, இப்போதே என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் தொடைத் தசை. வலிக்குப் பயந்து நடையைக் குறைப்பதால் முன்தொடைத் தசை மெலிந்துபோகும். ஆபரேஷனுக்குப் பிறகு எழுந்து நிற்க வைப்பது அந்தத் தசைதான். காலை நீட்டிப் படுத்து, முழங்காலைப் படுக்கையில் அழுத்தி 5 விநாடி இறுக்கிப் பிடித்து விடுவது எளிய பயிற்சி. இதையும் வாக்கர் பிடித்து நடப்பதையும் பிசியோதெரபிஸ்ட்டிடம் இப்போதே பழகட்டும். வலியோடு புதிதாகக் கற்பது சிரமம்.

அடுத்தது தொற்று. செயற்கை மூட்டில் கிருமி புகுந்தால் சில சமயம் மூட்டையே கழற்ற வேண்டிவரும். அதனால் சொத்தைப்பல், சிறுநீர்த் தொற்று, காலில் புண் எது இருந்தாலும் மறைக்காமல் சொல்லுங்கள். சர்க்கரை கட்டுக்குள் இருக்க வேண்டும். காலில் உள்ள முடியை வீட்டில் சவரம் செய்யாதீர்கள், சிறு கீறலும் வினையாகலாம்.

எல்லா மாத்திரைகளையும் எழுதிக் கொடுங்கள். ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையை எப்போது நிறுத்துவது என்பதை மருத்துவர் சொல்லட்டும், நீங்களாக முடிவெடுக்க வேண்டாம்.

அப்புறம் வீடு. தரையில் வழுக்கும் கால்மிதிகளை எடுத்துவிடுங்கள். கைப்பிடி உள்ள உயரமான நாற்காலி, உயரமான கழிப்பறை இருக்கை, குளியலறையில் பிடிமானம் வேண்டும். வீடு திரும்பியதும் முழங்காலுக்கடியில் தலையணை வைக்கத் தோன்றும். இதமாகத்தான் இருக்கும், ஆனால் கால் முழுதாக நீளாமல் போய்விடும்.