பழைய மாருதி 800 சேலத்தில் உதறுகிறது, ஏற்காட்டில் அடங்குகிறது. கார்புரேட்டரை மாற்ற வேண்டுமா?

கேட்டவரின் வண்டி 2000க்கு முந்தைய கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் பாகம்) மாடல். சேலம் ஐந்து ரோடு சிக்னலில் நின்றால் ஸ்டியரிங் வரை உதறுகிறது. ஏற்காடு ஏரிப் பக்கம் நிறுத்தினால் உதறல் பாதியாகக் குறைகிறது. மெக்கானிக் கார்புரேட்டரை மாற்றச் சொல்கிறார்.

இப்போதைக்கு மாற்ற வேண்டாம். மலையில் குறைகிறது என்பதிலேயே பாதி விடை இருக்கிறது. சேலம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். மேலே காற்றின் அடர்த்தி பத்தில் ஒரு பங்குக்கும் சற்று அதிகமாகக் குறைந்துவிடும். கார்புரேட்டரோ பெட்ரோலை அந்த அளவுக்குக் குறைக்காது, அதனால் கலவை தானாக ரிச் ஆகிறது, அதாவது காற்றுக்குப் பெட்ரோல் அதிகமாகிறது. ரிச் ஆனதும் இன்ஜின் அடங்குகிறதென்றால் கீழே அது லீனாக, அதாவது பெட்ரோல் குறைவாக ஓடுகிறது. ஒன்று, எங்கோ வெளிக்காற்று உள்ளே புகும் ஏர் லீக். இல்லையென்றால் ஐடிலில், அதாவது வண்டி நின்று இன்ஜின் மட்டும் ஓடும்போது, பெட்ரோல் தரும் சிறு துளையான ஸ்லோ ஜெட்டில் அடைப்பு. (சேலத்தில் நன்றாக ஓடி மேலே போய் ஆஃப் ஆகும் வண்டியென்றால் ஏர் ஃபில்டர், காற்றுவழியை மறைக்கும் சோக் முழுதாகத் திறக்கிறதா, கார்புரேட்டருக்குள் பெட்ரோல் நிற்கும் மட்டமான ஃப்ளோட் லெவல் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.)

உறுதிப்படுத்தச் செலவே இல்லை. இன்ஜின் நன்றாகச் சூடானபின், நியூட்ரலில் ஹேண்ட்பிரேக் போட்டு, உதறும்போது சோக்கைக் கால்வாசி இழுங்கள். உதறல் நின்றால் லீன்தான். இன்னும் மோசமானால் கலவை ஏற்கெனவே ரிச், அல்லது கோளாறு இக்னிஷனில் (தீப்பொறி தரும் பகுதியில்). சைலன்ஸர் வாயிலும் காது கொடுங்கள். ஒரே தாளத்தில் ஒரு அடி விட்டுப்போனால் ஒரு சிலிண்டர் வேலை செய்யவில்லை. தாளமே இல்லாமல் அங்கங்கே விட்டால் பெரும்பாலும் கலவைப் பிரச்சினை. மூன்றே சிலிண்டர் என்பதால் ஒன்று படுத்தாலும் வண்டியே ஆடும்.

அடுத்து பிளக். ஓட்டிவந்து உடனே கழற்றினால் ஓட்டத்தின் நிறம்தான் தெரியும். ஐடிலில் ஐந்து நிமிடம் விட்டு, ஆஃப் செய்து, ஆறியபின் கழற்றுங்கள். மூன்றும் வெளுத்திருந்தால் லீன். ஒன்று மட்டும் வெளுத்திருந்தால் அந்தச் சிலிண்டர் பக்கத்து மேனிஃபோல்ட் (கலவையைச் சிலிண்டர்களுக்குப் பிரிக்கும் குழாய்) கேஸ்கெட்டைச் சந்தேகப்படுங்கள். ஒன்று மட்டும் பெட்ரோலில் நனைந்திருந்தால் அதற்குத் தீப்பொறி சரியாக வரவில்லை. பிளக் முனையின் இடைவெளி 0.7 முதல் 0.8 மி.மீ. இரவில் விளக்கணைத்து பானட்டைத் திறந்து பாருங்கள். பிளக் ஒயரில் நீலமாகப் பொறி ஓடினால் ஒயர் செட்டையே மாற்றுங்கள். தீப்பொறியை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிப்யூட்டரில் பாயிண்ட் (திறந்து மூடும் தொடுமுனை) இருந்தால் அதன் கேப்பையும் பார்த்துவிடுங்கள்.

ஏர் லீக் தேடத்தான் பொறுமை வேண்டும். கார்புரேட்டர் கிளீனரை அடித்து ஆர்பிஎம் ஏறுகிறதா என்று பலர் பார்ப்பார்கள். சூடான எக்ஸாஸ்ட் பக்கத்தில் அது தீ விபத்துக்கு வழி. ஸ்ப்ரே பாட்டிலில் தண்ணீரே போதும். மேனிஃபோல்டிலிருந்து போகும் வேக்குவம் ஹோஸ்களின் முனை, மேனிஃபோல்ட் கேஸ்கெட் ஓரம், கார்புரேட்டருக்கு அடியிலுள்ள தடித்த இன்சுலேட்டர் பேக்கிங் என்று ஒவ்வொரு இடமாகச் சிறிது தெளித்துக் கேளுங்கள். லீக் உள்ள இடத்தில் தண்ணீர் ஒரு நொடி அடைத்துக்கொள்ளும், சத்தம் மாறும். டிஸ்ட்ரிப்யூட்டரிலும் மின் ஒயர்களிலும் படக்கூடாது. பிரேக் பூஸ்டர் இருந்தால் அதன் ஹோஸைக் கணநேரம் அழுத்திப் பிடித்துப் பாருங்கள், உதறல் குறைந்தால் லீக் அந்தப் பக்கம். இன்றைய எத்தனால் கலந்த பெட்ரோலைப் பழைய ரப்பர்கள் நன்றாகத் தாங்குவதில்லை, எரிபொருள் ஹோஸ்களையும் டயஃப்ரம் என்ற ரப்பர் தகட்டையும் சேர்த்தே பாருங்கள். எத்தனால் கலவையைத் தானாகவே கொஞ்சம் லீனாக்கும் என்பது வேறு. பேக்கிங் பக்கம் லீக் என்றால் நட்டை இறுக்கோ இறுக்கென்று இறுக்காதீர்கள், கார்புரேட்டரின் அடித்தட்டு (ஃப்ளாஞ்ச்) வளைந்துவிடும். கழற்றி ஸ்டீல் ஸ்கேல் வைத்து, அடியில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைகிறதா பாருங்கள், நுழைந்தால் வளைந்திருக்கிறது.

லீக் இல்லையா? ஸ்லோ ஜெட். சாவி போட்டதும், ஐடிலுக்கான பெட்ரோல் வழியைத் திறக்கும் மின் வால்வான ஐடில் சோலனாய்டில் ‘டிக்’ கேட்க வேண்டும்; கேட்காவிட்டால் முதலில் அதன் ஒயர். ஜெட்டைக் கழற்றி கம்ப்ரஸர் காற்றால் ஊதுங்கள். கம்பி விட்டுக் குத்தினால் பித்தளைத் துளை பெரிதாகும், பிறகு அந்த ஜெட் உதவாது.

மெக்கானிக் சொன்னது சரியாகும் ஒரு சந்தர்ப்பம் உண்டு. கார்புரேட்டரின் த்ராட்டில் ஸ்பிண்டிலை (ஆக்சிலரேட்டரால் திரும்பும் தண்டு) விரலால் மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். கடகடவென்று ஆடினால் துளை தேய்ந்து அதன் வழியாகக் காற்று போகிறது. அப்போதும் லேத் பட்டறையில் புஷ் போட முடியுமா என்று முதலில் கேளுங்கள்.

கலவையைச் சரிசெய்யும் மிக்சர் ஸ்க்ரூவைத் தொடுவது கடைசியில். மெதுவாக உட்காரும்வரை உள்நோக்கிச் சுற்றி, எத்தனை சுற்று என்று குறித்துக்கொண்டு, இரண்டு முதல் இரண்டரைச் சுற்று திறந்து வையுங்கள். சூடான இன்ஜினில் ஆர்பிஎம் உச்சம் தொடும் இடம் கண்டு, பிறகு ஐடில் ஸ்க்ரூவால் 850-900க்கு இறக்குங்கள். ஏற்காட்டில் நிறுத்தி இதைச் செய்யாதீர்கள். அந்த செட்டிங் சேலத்துக்கு இறங்கியதும் லீனாகிவிடும். இத்தனைக்கும் பிறகு ஒரு சிலிண்டர் மட்டும் தொல்லை தந்தால் டேப்பட் கேப்பும் (வால்வு இடைவெளி) கம்ப்ரஷனும் பாருங்கள். எல்லாம் சரி, ஆர்பிஎம் நிலையாக நிற்கிறது, ஆனாலும் பாடி ஆடுகிறது என்றால் இன்ஜினைத் தாங்கும் மவுண்ட் ரப்பரைப் பாருங்கள்.